நீக்கிச் சேர்த்தவர்

சனிக்கிழமை காலை பத்து மணிக்கு வருவதாகத் தம்பி மகள் சொல்லியிருந்தாள். ஹெட்மாஸ்டர் எட்டு மணிக்கே மாடி அறையைத் திறந்து, மேசையைத் துடைத்து, இரண்டு நாற்காலிகளையும் கோடு போட்டதுபோல் இழுத்துப்போட்டு, சட்டையின் மேல்பொத்தானையும் மாட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். ஓய்வுபெற்று ஒன்பது வருடம் ஆகிறது. பள்ளிக்கூடம் போய்விட்டது, பட்டம் போகவில்லை. பால் போடுகிறவர் முதல் பக்கத்து வீட்டுக் குழந்தை வரை எல்லோருக்கும் அவர் ஹெட்மாஸ்டர்தான்.

அந்த மாடி அறைக்கு வீட்டில் 'பட்டறை' என்று பெயர். ஹெட்மாஸ்டரின் தம்பி அங்கே உட்கார்ந்துதான் கைபேசிச் செயலிகள் எழுதினான். இரண்டு தெரு தள்ளியிருந்த கிளினிக்குக்கு அவன் எழுதிக்கொடுத்த செயலி ஒன்றே அந்தக் குடும்பத்துக்கு ஊரில் ஒரு மரியாதையைத் தேடித்தந்தது. நோயாளியின் போனில் இருந்துகொண்டு, மாத்திரை நேரம் வந்ததும் மணி அடிக்கும். ஹெட்மாஸ்டரின் ரத்த அழுத்த மாத்திரைக்கும் பகல் ஒரு மணிக்கு அதுதான் அடிக்கிறது.

அண்ணனும் தம்பியும் ஒரே வீட்டில் மாடியும் கீழுமாக இருந்தார்கள். இப்போது மாடியில் யாரும் இல்லை. தம்பி மனைவியை அழைத்துக்கொண்டு வேறு ஊருக்குப் போய் இரண்டு வருடத்துக்கு மேல் ஆகிறது. போய்ப் பதினோராவது மாதம், ஒரு காலையில், வேலைக்குக் கிளம்பும்போது செருப்பை மாட்டக் குனிந்தவன் நிமிரவே இல்லை. ஹெட்மாஸ்டர் இழவுக்குப் போனார். கூட்டத்தில் கடைசி வரிசையில் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். திரும்பி வந்தார். இடைப்பட்ட அந்தப் பதினொரு மாதத்தில் அண்ணன் தம்பிக்குள் ஒரு வார்த்தை பேச்சு கிடையாது.

அதற்குக் காரணம் ஊருக்கே தெரியும். செயலியின் மணி ஒருமுறை அடிக்காமல் போனது. கிளினிக்குக்கு எதிரில் தையல் கடை வைத்திருந்த அம்மாள் வலிப்புக்கு மாத்திரை சாப்பிடுகிறவர். இரண்டு நாள் மணி அடிக்கவில்லை. மூன்றாம் நாள் மாடிப்படியில் வலிப்பு வந்து உருண்டு விழுந்து, வலது மணிக்கட்டு நொறுங்கிவிட்டது. கத்தரிக்கோல் பிடித்த கை. அதன் பிறகு அது பிடிக்கவில்லை.

அன்று ஹெட்மாஸ்டர் தம்பியை அறை நடுவில் நிற்கவைத்துக் கேட்டார். தம்பி ஒரு மணி நேரம் கணினியைப் பார்த்துவிட்டு, அண்ணன் முகத்தையும் சற்று நேரம் பார்த்தான். "ஆமாண்ணா. நான்தான் கவனமா இருந்திருக்கணும்" என்றான். அதற்குமேல் வாயைத் திறக்கவில்லை. ஹெட்மாஸ்டர் தன் முத்து முத்தான கையெழுத்தில் கிளினிக்குக்குக் கடிதம் எழுதினார்: 'இப்பிழை முழுக்க முழுக்க என் தம்பியின் கவனக்குறைவால் நேர்ந்தது. எங்கள் குடும்பத்தில் இதற்குமுன் இப்படி ஒன்று நடந்ததில்லை.' செயலியின் 'உருவாக்கியவர்' பக்கத்திலிருந்து தம்பியின் பெயரையும் எடுக்கச் சொன்னார். எள் என்றால் எண்ணெயாக நிற்கிற தம்பி தன் பெயரைத் தானே எடுத்தான். அந்த மாதக் கடைசியில் வீட்டையும் காலிசெய்தான்.

செய்தது சரி என்றே ஹெட்மாஸ்டர் நம்பியிருந்தார். ஒரு விரல் அழுகினால் வெட்டித்தான் கையைக் காப்பாற்ற வேண்டும். அவர் அப்பா அப்படித்தான் சொல்வார். தான் ஆடாவிட்டாலும் தன் சதை ஆடும் என்பதும் அப்பா சொன்னதுதான். அதை அவர் நினைத்துப் பார்ப்பதில்லை.

பத்து மணி அடிக்க இரண்டு நிமிடம் இருக்கும்போது தம்பி மகள் படியேறி வந்தாள். படிப்பை முடித்து இவளும் அப்பா தொழிலுக்கே போய்விட்டாள். தோளில் பை, கையில் மடிக்கணினி.

"என்ன பெரியப்பா, எனக்கு அட்டென்டன்ஸ் எடுக்கப் போறீங்களா? மேல்பொத்தான் எல்லாம் போட்டிருக்கீங்க."

"நேரத்துக்கு வந்திருக்கே. அதுவே போதும். உட்காரு."

வேலை இதுதான். செயலிகளை வெளியிடுகிற கடையிலிருந்து ஒரு எச்சரிக்கை வந்திருந்தது. மாதக் கடைசிக்குள் புதிய போன்களுக்கு ஏற்றபடி செயலியை மாற்றிக் கட்டாவிட்டால் எடுத்துவிடுவார்களாம். அறுநூறு நோயாளிகள். வெளி ஆளைக் கூப்பிட ஹெட்மாஸ்டருக்கு மனம் வரவில்லை. கிளினிக் டாக்டர்தான் இவளுக்குப் போன் செய்திருந்தார்.

"நான் ஒண்ணையும் கெடவிடலம்மா" என்றார் ஹெட்மாஸ்டர். "சனிக்கிழமைக்குச் சனிக்கிழமை மெஷினைப் போடுவேன். கறுப்புத் திரையில லிஸ்ட் கொடுப்பேன். ஏழு பிளகின், ஏழும் ஆஜரான்னு பாத்துட்டு அணைச்சுடுவேன்."

அவள் சிரித்துவிட்டாள். "பிளகினுக்கு வருகைப்பதிவா? அப்பா கேட்டிருந்தா..." என்று ஆரம்பித்தவள் நிறுத்திக்கொண்டாள்.

செயலி என்பது தானாக எதுவும் செய்யத் தெரியாத பிள்ளை. போனின் மணியை அடிக்க ஒரு பிளகின், கேமராவைத் திறக்க ஒரு பிளகின், நெட் இருக்கிறதா என்று பார்க்க இன்னொன்று என்று ஒவ்வொன்றாகச் சேர்த்துக் கொடுக்கவேண்டும். சேர்க்கவும் நீக்கவும் அந்தக் கறுப்புத் திரையில் ஒரு வரிக் கட்டளை போதும். ஓய்வுபெற்ற புதிதில் பொழுது போகாமல் அண்ணன் கூண்டுப் புலிபோல் நடப்பதைப் பார்த்துத் தம்பிதான் உட்காரவைத்துக் காட்டினான். லிஸ்ட், ரிமூவ், ஆட், பில்ட்: இருப்பதைப் பட்டியலிட, நீக்க, சேர்க்க, கடைசியில் செயலியைக் கட்டி முடிக்க. ஹெட்மாஸ்டர் ஒற்றை விரலால் தட்டப் பழகினார். தட்டியதை எல்லாம் நீல அட்டை நோட்டில் எழுதினார்: தேதி, கட்டளை, விளைவு, செய்தவர் என்று நான்கு பத்தி. அந்தத் திரையில் அவருக்குப் பிடித்தது ஒன்றுதான். தப்பு நடந்தால் பக்கம் பக்கமாகச் சிவப்பில் திட்டும். வேலை ஒழுங்காக முடிந்தால் ஒன்றும் சொல்லாது, அடுத்த கட்டளைக்குக் காத்திருக்கும்.

தம்பி மகள் பழைய கணினியில் இருந்ததை எல்லாம் தன் மடிக்கணினிக்கு எடுத்துக்கொண்டு வேலையை ஆரம்பித்தாள். ஒன்றைத் தட்டுவாள், சிவப்பாக வரும், உதட்டைக் கடிப்பாள், இன்னொன்றைத் தட்டுவாள். அவள் அப்பனும் இப்படித்தான் உதட்டைக் கடிப்பான். ஹெட்மாஸ்டர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"பெரியப்பா, இங்க ஒண்ணு வித்தியாசமா இருக்கு. ஆறு பிளகின் வெளியிலேர்ந்து இறக்கினது. இந்த மணி அடிக்கிற பிளகினை மட்டும் அப்பா தனி ஃபோல்டர்ல வெச்சு, அதுலேர்ந்து சேத்திருக்காரு. உள்ளே ஒரு குறிப்பு வேற எழுதியிருக்காரு. படிக்கட்டுமா?"

"படி."

அவள் படித்தாள். "'நம்ம நோயாளிங்க கையில இருக்கிற மலிவு போன் சார்ஜ் இறங்கி அணைஞ்சு, மறுபடி ஏத்தினா, வெச்ச மணி எல்லாம் மறந்துபோகுது. அதனால போன் எழுந்ததும் எல்லா மணியையும் திரும்ப வைக்கிற மாதிரி முப்பத்தொரு வரி எழுதினேன். அதை பிளகின்ஸ் ஃபோல்டருக்குள்ளேயே எழுதி வெச்சது என் தப்பு. தனியாப் பிரதி எடுத்து வைக்கல. பிளகினை யாராவது நீக்கிட்டுத் திரும்பச் சேத்தா, வெளியிலேர்ந்து புதுசுதான் இறங்கும், என் வரி போயிடும். ஜூன் பதினாலு சனிக்கிழமை அப்படிப் போயிடுச்சு. ஞாபகத்துலேர்ந்து திரும்ப எழுதி, இங்க தனியா வெச்சிருக்கேன். இனிமே இங்கேர்ந்துதான் சேக்கணும்.'"

ஹெட்மாஸ்டர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "பாத்தியா? அவன் தப்புன்னு அவனே எழுதி வெச்சிருக்கான். நான் ஒண்ணும் இல்லாததைச் சொல்லலம்மா."

"தப்புதான் பெரியப்பா. பிளகின்ஸ் ஃபோல்டர்ல கை வைக்கவே கூடாது, எங்க ஆபீஸ்ல பண்ணா கழுத்தைப் பிடிச்சு வெளியே தள்ளுவாங்க." அவள் இன்னும் திரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். "ஆனா ஜூன் பதினாலு அப்பா இங்க இல்லையே. அன்னைக்குத்தானே என்னை ஹாஸ்டல்ல கொண்டுவந்து விட்டாரு? பெட்டியைத் தூக்கிட்டு மூணு மாடி ஏறினாரு. ஞாயித்துக்கிழமை ராத்திரிதான் திரும்பினாரு. அப்ப யாரு நீக்கினது? தானா நீங்குமா இது?"

அவள் கேட்டது கணினியைத்தான். பதில் அலமாரியில் இருந்தது.

ஹெட்மாஸ்டர் எழுந்து நீல அட்டை நோட்டை எடுத்தார். ஜூன் மாதப் பக்கம் தானாகவே திறந்துகொண்டதுபோல் இருந்தது. அவருடைய கையெழுத்துக்கு மாவட்ட அளவில் பரிசு வந்திருக்கிறது. அதில் ஓர் எழுத்தைக்கூட மாற்றிப் படிக்க முடியாது.

'14 ஜூன், சனி. பில்ட் தடைபட்டது. மணி பிளகின் பழைய பதிப்பு. ரிமூவ். ஆட். பில்ட். வெற்றி.' செய்தவர் என்ற பத்தியில் அவருடைய கையொப்பம், கீழே ஒரு சுழியோடு.

அன்றைக்கு அவருக்கு எவ்வளவு பெருமை! தம்பி இல்லாத நேரத்தில் தடையைத் தானே நீக்கி, செயலியைக் கட்டி, நோயாளிகளின் போன்களுக்கும் அனுப்பிவிட்டார். நாற்காலியை வெளியே எடுத்துத் தூசி தட்டி அதே இடத்தில் போடுவதுபோல்தான் அவர் அதை நினைத்தார். ஞாயிறு இரவு வந்த தம்பியிடம் "உன் வேலையை நானே முடிச்சு அனுப்பிட்டேன்டா" என்றார். "சபாஷ்ணா, இனிமே எனக்கு இங்க வேலையே இல்ல போலிருக்கே" என்று அவன் சிரித்தான். வியாழக்கிழமை தையல்கார அம்மாள் படியில் விழுந்தார்.

அவன் ஒரு மணி நேரம் கணினியில் எதைப் பார்த்தான் என்பது இப்போது தெரிந்தது. பிறகு ஏன் அண்ணன் முகத்தைப் பார்த்தான் என்பதும் தெரிந்தது.

நோட்டை மூடி வைத்திருக்கலாம். அந்தப் பெண்ணுக்கு நோட்டு இருப்பதே தெரியாது. 'எனக்குத் தெரியலம்மா' என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், குடும்பத்தின் பெயர் இருந்த இடத்தில் இருக்கும். அப்பாவின் பெயர், தாத்தாவின் பெயர், சுழியோடு கூடிய அவர் பெயர். முப்பத்தாறு வருடம் பிள்ளைகளை எழுந்து நின்று உண்மையைச் சொல்லச் சொன்ன மனிதர் நோட்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

"என்ன பெரியப்பா? தலை சுத்துதா? உட்காருங்க."

அவர் உட்காரவில்லை. நோட்டைத் திருப்பி அவள் முன் வைத்து, அந்த வரியில் விரலை வைத்தார்.

அவள் படித்தாள். இன்னொரு தடவை படித்தாள். பிறகு தலையைத் தூக்கி அவரைப் பார்த்தாள். தம்பி அன்று பார்த்த அதே பார்வை. கோபம்கூட இல்லாத பார்வை.

"பரவாயில்ல பெரியப்பா" என்றாள் மெல்ல. "யாரு வேணா பண்ணியிருப்பாங்க. நெட்ல கேட்டாலும் நீக்கிட்டுச் சேருன்னுதான் சொல்லுவாங்க. இது... இது அப்படியே இருக்கட்டும்."

"உங்கப்பனும் இதைத்தானே பண்ணான்" என்றார் ஹெட்மாஸ்டர். குரல் உடைந்தது. அதை இருமலாக மாற்றினார். "யாராவதுன்னு எழுதினானே, யாராவதுன்னு. அந்த இடத்துல என் பேரை எழுத அவனுக்குக் கை வரலையே."

அவள் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். ஆறுதல் சொல்ல அவருக்குப் பழக்கமில்லை. அவள் நாற்காலிக்குப் பின்னால், வகுப்பில் நிற்பதுபோல், கையைக் கட்டிக்கொண்டு வெகுநேரம் நின்றார்.

திங்கட்கிழமை காலை புதிய கடிதத்தோடு கிளினிக்குக்குப் போனார். டாக்டர் அறை வாசலில் 'கைபேசியை அணைக்கவும்' என்று ஒரு பலகை உண்டு. அதை மதிப்பவர் ஊரிலேயே ஹெட்மாஸ்டர் ஒருவர்தான். போனை முழுதாக அணைத்துவிட்டு உள்ளே போனார்.

டாக்டர் கடிதத்தை நின்றபடி படித்தார். "என்ன சார் இது? ரெண்டு வருஷத்துக்கு முந்தின விஷயம். பழைய லெட்டரை எந்த ஃபைல்ல வெச்சோம்னுகூட எங்களுக்குத் தெரியாது. செயலி நல்லாத்தானே ஓடுது?"

"அதைத் தேடி எடுத்துக் கிழிச்சுப் போடுங்க. இதை வைங்க."

"அவர்தான் போயிட்டாரே சார். இனிமே யாருக்கு இது?"

"எங்க வீட்டுப் பேர்ல ஒரு பொய் உங்ககிட்ட இருக்கு டாக்டர். அது இருக்கக் கூடாது."

டாக்டர் தலையாட்டிக் கடிதத்தை மேசைமேல் வைத்தார். அதன்மேல் ஒரு மருந்துக் கம்பெனிக்காரர் கொடுத்த பேனா ஸ்டாண்டைத் தூக்கி வைத்தார். அடுத்த நோயாளி உள்ளே வந்தார்.

தையல் கடையில் இப்போது வேறு ஒரு பெண் மிஷினில் இருந்தாள். அந்த அம்மாள் ஓரத்தில் உட்கார்ந்து இடது கையால் பொத்தான்களை நிறம் பிரித்துக்கொண்டிருந்தார். ஹெட்மாஸ்டர் மாதம் ஒருமுறை வந்து 'என் தம்பி செஞ்ச தப்புக்கு' என்று ஆரம்பித்து மன்னிப்புக் கேட்கிற இடம் அது. "விடுங்க சார்" என்பார் அந்த அம்மாள் ஒவ்வொரு தடவையும்.

இந்தத் தடவை அவர் "தம்பி இல்லம்மா, நான்" என்றார். ஜூன் பதினாலிலிருந்து தொடங்கி எல்லாவற்றையும் சொன்னார்.

அந்த அம்மாள் விடுங்க சார் என்று சொல்லவில்லை. பொத்தான் டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு, "அப்ப அவரை நான் திட்டினது?" என்றார். "கை வலிக்கிறப்பல்லாம் வயிறெரிஞ்சு திட்டினேனே சார். நீ நல்லாவே இருக்கமாட்டேன்னு சொன்னேனே. அவரு போயிட்டாருன்னு கேட்டப்பகூட, ஆகட்டும்னு நினைச்சேனே, பாவி. இதை என்கிட்ட எதுக்குச் சொன்னீங்க? அப்பவே தெரிஞ்சிருந்தா உங்களைத் திட்டியிருப்பேன் சார். உங்களைத் திட்டியிருந்தா உங்களோட போயிருக்கும்."

ஹெட்மாஸ்டர் தலை குனிந்து நின்றார். எழுபது வயதை நெருங்குகிற அந்தக் கழுத்து குனிந்து யாரும் பார்த்ததில்லை.

பஸ்ஸில் ஏறியதும் போனைப் போட்டுச் சட்டைப் பையில் வைத்தார். ஒன்றரை மணி நேரப் பயணம். தம்பி குடும்பம் இரண்டாவது மாடியில் ஒரு சின்ன வீட்டில் இருந்தது. தம்பி மனைவி ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறாள். மாலை ஷிஃப்ட். கதவைத் திறந்தவள், புடவைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு வழிவிட்டாள்.

"வாங்க மாமா. பொண்ணு போன்ல சொன்னா."

சுவரில் தம்பியின் படம். அதில் அவன் எதற்கோ சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தான். அதற்குக் கீழே இருந்த நாற்காலியில் ஹெட்மாஸ்டர் உட்காரவில்லை. நின்றபடியே கடிதத்தின் நகலை நீட்டினார்.

"கிளினிக்ல ஒண்ணு கொடுத்தாச்சு. இது உன்கிட்ட இருக்கணும்மா. அவன் பேரைச் செயலியில திரும்பப் போடச் சொல்லியிருக்கேன். முதல் பேரா."

அவள் வாங்கிப் பிரிக்காமல் மேசைமேல் வைத்தாள்.

"எனக்கு அன்னைக்கே தெரியும் மாமா."

"தெரியுமா?"

"அன்னைக்கு ராத்திரியே சொன்னாரு. 'அண்ணன் நோட்டுல கையெழுத்தே போட்டு வெச்சிருக்காரு, பாவம்'னாரு. போய்ச் சொல்லுங்கன்னு நான் சண்டை போட்டேன். 'அவர் ஊர்ல நிமிர்ந்து நடக்கிறதை வெச்சுத்தான் நாமளும் நடக்கிறோம், அவர் தலை குனிஞ்சு நான் பாக்கவேண்டாம்'னாரு. 'கொஞ்ச நாள் போனா அண்ணன் தானா கூப்பிடுவாரு'ன்னாரு." அவள் கடிதத்தை விரலால் மேசையின் நடுவுக்குத் தள்ளினாள். "போன் அடிச்சா முதல்ல ஓடிப்போய் அவர்தான் எடுப்பாரு. பதினோரு மாசம். இந்தக் கடுதாசி எனக்கு எதுக்கு மாமா? அவர் இருந்தப்ப ஒரு போன் பண்ணியிருக்கலாம். தப்பு யார்துன்னு தெரியாமலே பண்ணியிருக்கலாம்."

"பண்ணியிருக்கலாம்" என்றார் ஹெட்மாஸ்டர்.

கீழே யாரோ சைக்கிளைப் பூட்டும் சத்தம் கேட்டது. கிளம்பவேண்டும் என்று நினைத்தார்.

அப்போது அவர் சட்டைப் பையில் மணி அடித்தது. பகல் ஒரு மணி. காலையில் டாக்டர் அறை வாசலில் அணைத்து, பஸ்ஸில் திரும்பப் போட்ட போன். அதன்பிறகு அவர் அந்தச் செயலியைத் திறக்கவே இல்லை; மணியைத் திரும்ப வைத்தது தம்பியின் முப்பத்தொரு வரி.

தம்பி மனைவி ஒரு நொடி அந்தச் சட்டைப் பையைப் பார்த்தாள். பிறகு உள்ளே போய் ஒரு தம்ளர் தண்ணீர் கொண்டுவந்து நீட்டினாள்.

"மாத்திரை வெச்சிருக்கீங்களா மாமா?"

அவர் மாத்திரையை வாயில் போட்டுத் தண்ணீரைக் குடித்தார். மணி நிற்காமல் அடித்துக்கொண்டிருந்தது. அதை அணைக்க அவருக்குக் கை வரவில்லை.